4 சூரர்கள் தோற்றது ஏன்?

கூடைப்பந்து ஆட்டத்தில் ஒற்றுமை செய்யும் வேலை

2004-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில் கூடைப்பந்து இறுதிப் போட்டி நடந்தது.

ஒரு பக்கம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் "லேக்கர்ஸ்" கோஷ்டி. மறு பக்கம் டெட்ராய்ட் நகரின் "பிஸ்டன்ஸ்" கோஷ்டி.

மொத்தம் 7 ஆட்டங்கள். முதலில் 4 ஆட்டங்களில் ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை.

"யார் ஜெயிப்பார்கள்?" என்று பெரும்பாலோர் கேட்கவில்லை. "லேக்கர்ஸ் எத்தனை ஆட்டத்தில் முடிப்பார்கள்?" என்றுதான் கேட்டார்கள்.

நடந்ததோ வேறு. 5 ஆட்டங்களில் போட்டி முடிந்துவிட்டது. ஜெயித்தது டெட்ராய்ட்!

4 ஆட்டங்களில் டெட்ராய்ட் வென்றது. ஒரே ஒரு ஆட்டத்தில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் வென்றது.

இது எப்படி நடந்தது? இந்தக் கேள்வி இன்றும் பேசப்படுகிறது. ஏனென்றால், கோடி கோடியாகப் பணம் புரளும் அந்த ஆட்டத்தில், பணத்தால் வாங்க முடியாத பொருள் ஒன்று உண்டு என்பதை அந்தப் போட்டி காட்டியது.

சூரர்கள் கூட்டம்

லேக்கர்ஸ் கோஷ்டியில் 4 சூரர்கள் இருந்தார்கள்.

ஒருவர் ஷாக்கில் ஓ நீல். உயரம் 7 அடி 1 அங்குலம். மலை போன்ற ஆள்.

இரண்டாமவர் கோபி பிரயன்ட். மின்னல் வேகம். எந்த மூலையில் இருந்து எறிந்தாலும் பந்து கூடையில் விழும்.

இவர்கள் இருவரும் சேர்ந்து 2000, 2001, 2002 ஆகிய 3 ஆண்டுகளும் கோப்பையை வென்றவர்கள்.

மூன்றாமவர் கார்ல் மலோன். வயது 40. நான்காமவர் காரி பேடன். வயது 35. இருவரும் ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஆனால் கோப்பையை மட்டும் கையில் தொட்டது இல்லை.

அந்த ஒரு ஆசைக்காகவே 2003-ம் ஆண்டில் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார்கள். மலோன் அதற்கு முன்பு ஆண்டுக்கு சுமார் 1 கோடியே 90 லட்சம் டாலர் வாங்கியவர். இங்கே 15 லட்சம் டாலருக்கு ஆடச் சம்மதித்தார்.

பயிற்சியாளர் பில் ஜாக்சன். அதற்குள் 9 கோப்பைகளை வாங்கிக் கொடுத்தவர்.

இவ்வளவு பேர் ஒரே இடத்தில் கூடினால் யார்தான் எதிர்த்து நிற்க முடியும்?

வேண்டாம் என்று தள்ளப்பட்டவர்கள்

டெட்ராய்ட் கோஷ்டியில் அப்படிப்பட்ட பெரும் புள்ளிகள் இல்லை.

பென் வாலஸ் என்று ஒருவர். 1996-ம் ஆண்டு புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்து எடுத்தபோது, அவரை எந்தக் கோஷ்டியும் தேர்ந்து எடுக்கவில்லை.

சான்சி பில்லப்ஸ் என்று இன்னொருவர். 1997-ம் ஆண்டில் 3-வது ஆளாகத் தேர்ந்து எடுக்கப்பட்டவர். ஆனால் எங்கும் நிலைக்கவில்லை. ஊர் ஊராக மாற்றப்பட்டு, கடைசியில் டெட்ராய்ட் வந்து சேர்ந்தார்.

ரஷீத் வாலஸ் என்று மற்றொருவர். நடுவர்களுடன் தகராறு செய்கிறவர் என்று பேர் வாங்கியவர். அவர் 2004 பிப்ரவரியில்தான் வந்தார்.

ரிச்சர்ட் ஹாமில்டன், டேஷான் பிரின்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து 5 பேர். பயிற்சியாளர் லாரி பிரவுன்.

"பந்தைத் தனக்கென்று வைத்துக் கொள்ளாதே. எதிரி வரும்போது 5 பேரும் ஒரே சுவராக நில்." அவர் சொல்லிக் கொடுத்ததன் சாரம் இதுதான்.

ரஷீத் வந்த பிறகு ஒரு அதிசயம் நடந்தது. தொடர்ந்து 5 ஆட்டங்களில், எதிர்க் கோஷ்டியை 70 புள்ளிகூட எடுக்க விடாமல் டெட்ராய்ட் தடுத்தது. அந்தக் காலத்தில் ஒரு கோஷ்டி சாதாரணமாக 90 புள்ளிக்கு மேல் எடுக்கும்.

கணக்கு சொல்லும் உண்மை

இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட் 87 புள்ளி. லாஸ் ஏஞ்சல்ஸ் 75 புள்ளி.

இரண்டாவது ஆட்டத்தில் கடைசி விநாடிகளில் கோபி பிரயன்ட் ஒரு 3 புள்ளிப் பந்தை எறிந்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் ஜெயித்தது.

அதோடு சரி. அடுத்த 3 ஆட்டங்களும் டெட்ராய்ட் கோஷ்டியின் சொந்த மைதானத்தில் நடந்தன. மூன்றிலும் டெட்ராய்ட்டுக்கே ஜெயம். மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் எடுத்தது 68 புள்ளிதான்!

இதில் ஒரு கணக்கு முக்கியமானது.

அந்த 5 ஆட்டங்களில் ஷாக்கில் 84 முறை கூடையை நோக்கி எறிந்தார். 100-க்கு 63 வீதம் விழுந்தது.

கோபி 113 முறை எறிந்தார். 100-க்கு 38 வீதம்தான் விழுந்தது.

அதாவது, நன்றாக விழுகிற கைக்குப் பந்து குறைவாகப் போனது. விழாத கைக்கு அதிகமாகப் போனது.

டெட்ராய்ட் போட்ட திட்டமும் அதுதான். ஷாக்கிலைத் தடுக்கப் பெரும்பாலும் ஒரே ஆளை விட்டார்கள். மற்றவர்கள் எல்லோரையும் இறுக்கிப் பிடித்தார்கள். லேக்கர்ஸ் கோஷ்டியினர் தங்களுக்குள் பேசி, விட்டுக் கொடுத்து ஆடி இருந்தால் அந்தத் திட்டம் உடைந்து போயிருக்கும். அவர்கள் அப்படி ஆடவில்லை.

லேக்கர்ஸ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மலோனுக்கு முழங்காலில் காயம். கடைசி ஆட்டத்தில் அவர் ஆடவே இல்லை. ஆனால் அந்த ஒரு காயம் மட்டும் 4 தோல்விகளுக்குக் காரணம் ஆகாது.

"ரசாயனம்" என்றால் என்ன?

ஒரு கோஷ்டிக்குள் இருக்கும் இணக்கத்தை அமெரிக்கர்கள் "கெமிஸ்ட்ரி" என்கிறார்கள். அதாவது ரசாயனம்.

புளி தனியாகப் புளிக்கும். மிளகாய் தனியாக எரிக்கும். உப்பு தனியாகக் கரிக்கும். மூன்றும் அளவோடு சேர்ந்தால் குழம்பு. அளவு கெட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது. ஆட்டக்காரர்களின் சேர்க்கையும் அப்படித்தான்.

எல்லா ஆட்டத்திலும் ஒற்றுமை வேண்டும். கூடைப்பந்தில் அது அதிகமாக வேண்டும். காரணம் என்ன?

ஆடுவது 5 பேர். பந்து ஒன்று. மைதானத்தின் நீளம் 94 அடி. அகலம் 50 அடி. பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இது 1954-ம் ஆண்டில் வந்த சட்டம்.

24 விநாடியில் கூடிப் பேசி முடிவு செய்ய முடியாது. பக்கத்தில் இருப்பவர் எங்கே ஓடுவார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். பந்தோடு ஒருவர் வருகிறார். எதிரி அவரை மறிக்கிறார். உடனே அவருடைய தோழர் ஒருவர் ஓடி வந்து, அந்த எதிரிக்கு முன்னால் தூண் போல நிற்கிறார். எதிரி தூணில் முட்டிக் கொள்கிறார். பந்துக்காரர் தப்பி ஓடுகிறார். தூணாக நின்றவர் சட்டென்று திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். பந்து அவர் கைக்கு வருகிறது.

எல்லாம் 2, 3 விநாடி வேலை. தூணாக நின்றவர், "எனக்குப் பந்து வரும்" என்று நம்ப வேண்டும். பந்துக்காரர், "அவர் அங்கே இருப்பார்" என்று நம்ப வேண்டும். நம்பிக்கை இல்லை என்றால் ஒருவரும் தூணாக நிற்க மாட்டார்கள்.

எதிரியைத் தடுப்பதிலும் இதே கதைதான். ஒருவரைத் தாண்டி எதிரி வந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் உதவிக்கு ஓட வேண்டும். அவர் விட்டு வந்த ஆளை மூன்றாமவர் பார்த்துக் கொள்ள வேண்டும். "நான் ஏன் ஓட வேண்டும்? தவறு அவன் செய்தது!" என்று ஒருவர் நினைத்தாலும் போதும். சுவரில் ஓட்டை விழுந்துவிடும்.

அதே பயிற்சியாளர், வேறு கதை

டெட்ராய்ட் கோப்பையை வென்ற 2 மாதத்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது.

2004 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம். அமெரிக்கக் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் அதே லாரி பிரவுன்தான்!

பிரபல ஆட்டக்காரர்கள் பலர் வர மறுத்தார்கள். ஆலன் ஐவர்சன், டிம் டங்கன் ஆகியோர் வந்தார்கள். லெப்ரான் ஜேம்ஸ் போன்ற இளைஞர்களும் வந்தார்கள். எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் சேர்ந்து பயிற்சி செய்தது சில வாரங்கள்தான்.

முதல் ஆட்டம், போர்ட்டோ ரிக்கோ என்ற சின்னத் தீவுடன். அமெரிக்கா 73 புள்ளி. போர்ட்டோ ரிக்கோ 92 புள்ளி!

அதற்கு முன்பு ஒலிம்பிக் வரலாறு முழுவதும் சேர்த்து அமெரிக்க ஆண்கள் கோஷ்டி தோற்றது 2 ஆட்டங்கள்தான். ஏதென்ஸ் நகரில் மட்டும் 3 ஆட்டங்களில் தோற்றது. வெண்கலப் பதக்கத்தோடு ஊர் திரும்பியது.

தங்கம் வென்றது அர்ஜென்டினா. அரை இறுதியில் அமெரிக்காவை 89-81 என்று தோற்கடித்தவர்கள் அவர்கள்தான். அந்த ஆட்டக்காரர்கள் பலர் வாலிப வயதில் இருந்தே ஒன்றாக ஆடியவர்கள். ஒருவர் கண்ணசைத்தால் மற்றவருக்குப் புரியும்.

ஒரே பயிற்சியாளர். ஒரே கோடைக்காலம். டெட்ராய்ட்டில் கோப்பை, ஏதென்ஸில் தோல்வி. பயிற்சியாளர் அறிவு மாறவில்லை. கோஷ்டி மாறியது.

அமெரிக்கா பாடம் கற்றுக் கொண்டது. "ஒலிம்பிக்கில் ஆட விரும்புகிறவர்கள் 3 ஆண்டு சேர்ந்து பயிற்சி செய்யச் சம்மதிக்க வேண்டும்" என்று 2005-ம் ஆண்டு முதல் ஏற்பாடு செய்தார்கள். 2008-ம் ஆண்டு பீஜிங் நகரில் தங்கம் திரும்பி வந்தது.

விட்டுக் கொடுத்தவர்கள்

நட்சத்திரங்கள் சேர்ந்தால் சண்டைதான் என்று நினைக்கக் கூடாது. விட்டுக் கொடுத்தால் வெற்றி உண்டு.

பாஸ்டன் கோஷ்டி 2006-07 பருவத்தில் 82 ஆட்டங்களில் 24-ல்தான் வென்றது. அங்கே பால் பியர்ஸ் இருந்தார். 2007-ம் ஆண்டு கெவின் கார்னெட், ரே ஆலன் ஆகிய இருவரும் வந்து சேர்ந்தார்கள். மூவருமே தங்கள் பழைய கோஷ்டியில் ராஜாக்கள்.

பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ் அவர்களுக்கு ஒரு ஆப்பிரிக்கச் சொல்லைக் கற்றுக் கொடுத்தார். "உபுண்டு" என்பது அந்தச் சொல். "மற்றவர்கள் இருப்பதால்தான் நான் இருக்கிறேன்" என்பது அதன் கருத்து. மூவரும் தங்கள் பங்கைக் குறைத்துக் கொண்டார்கள். அடுத்த பருவத்தில் 66 ஆட்டங்களில் வென்றார்கள். 2008-ம் ஆண்டு கோப்பையும் அவர்களுக்கே.

சான் அன்டோனியோ நகரின் "ஸ்பர்ஸ்" கோஷ்டி இன்னொரு உதாரணம். டிம் டங்கன், பிரெஞ்சுக்காரர் டோனி பார்க்கர், அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி ஆகிய மூவரும் 2002 முதல் ஒன்றாக ஆடினார்கள். 2013 இறுதிப் போட்டியில் மயாமி கோஷ்டியிடம் தோற்றார்கள். யாரும் யாரையும் பழி சொல்லிப் பிரியவில்லை. 2014-ல் அதே மயாமியைச் சந்தித்து, 4-1 என்று வென்றார்கள்.

அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம் 48 நிமிஷம். ஸ்பர்ஸ் கோஷ்டியில் யாரும் சராசரியாக 30 நிமிஷம்கூட ஆடவில்லை. புகழ் பெற்றவர்கள் உட்கார்ந்து, புதியவர்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

அறிஞர்கள் சொல்வது

இந்த விஷயத்தை அறிஞர்களும் ஆராய்ந்தார்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2008-09 பருவத்தின் தொடக்க ஆட்டங்களைப் படத்தில் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் தட்டிக் கொடுப்பதையும், கையோடு கை அடிப்பதையும், கட்டிப் பிடிப்பதையும் எண்ணினார்கள். தொடக்கத்தில் அதிகமாகத் தட்டிக் கொடுத்த கோஷ்டிகள், பின்னால் நன்றாக ஆடின என்று 2010-ல் எழுதினார்கள்.

தட்டிக் கொடுத்தால் மட்டும் பந்து கூடையில் விழுந்து விடாது. உள்ளே இருக்கும் அன்புக்கு அது வெளி அடையாளம்.

2014-ம் ஆண்டு வேறு சிலர் ஒரு கருத்தைச் சொன்னார்கள். "நட்சத்திரங்கள் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் கூடைப்பந்துக் கோஷ்டியின் பலம் குறைகிறது. பேஸ்பால் ஆட்டத்தில் அப்படிக் குறைவது இல்லை" என்றார்கள். பேஸ்பாலில் ஆளுக்கு ஆள் தனி வேலை. கூடைப்பந்தில் ஒருவர் வேலை மற்றவர் கையில். இதுதான் அவர்கள் கூறிய காரணம்.

2021-ம் ஆண்டு வேறு அறிஞர்கள் இதை மறுத்தார்கள். "திறமை எவ்வளவு இருந்தாலும் நல்லதே" என்றார்கள். ஆக, வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒற்றுமை மட்டும் போதுமா?

போதாது. பந்து எறியத் தெரியாத 5 நண்பர்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும் கோப்பை கிடைக்காது.

ஷாக்கிலுக்கும் கோபிக்கும் மனக்கசப்பு இருந்தது ஊர் அறிந்த விஷயம். ஆனாலும் 3 கோப்பைகளை வென்றார்கள். வெளியே பேசாவிட்டாலும், மைதானத்தில் பந்தைக் கொடுத்தார்கள். அது போதுமானதாக இருந்தது. பந்து கொடுப்பதும் குறைந்தபோதுதான் ஆபத்து வந்தது.

2004 தோல்விக்குப் பிறகு அந்தக் கோஷ்டி சிதறியது. ஷாக்கில் மயாமிக்குப் போனார். அங்கே 2006-ல் ஒரு கோப்பை வென்றார். பேடனுக்கும் அங்கேதான் ஆசை நிறைவேறியது. கோபி 2009, 2010 ஆண்டுகளில் வேறு தோழர்களுடன் வென்றார். மலோன்? சம்பளத்தை விட்டு வந்தவர், கோப்பை இல்லாமலே ஆட்டத்தை விட்டு விலகினார்.

பிரிந்த இருவரும் பின்னால் சமாதானம் ஆனார்கள். 2020 ஜனவரியில் கோபி ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார். அடுத்த மாதம் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஷாக்கில் மேடை ஏறி, அவரைப் புகழ்ந்து பேசினார். சேர்ந்தே இருந்திருந்தால் இன்னும் எத்தனை கோப்பையோ என்று ரசிகர்கள் இன்றும் ஏங்குகிறார்கள்.

மீண்டும் அதே தவறு

இவ்வளவு நடந்தும், முதலாளிகள் நட்சத்திரங்களைத் தேடி ஓடுவதை விடவில்லை.

நியூயார்க் நகரின் புரூக்ளின் கோஷ்டி 2021 ஜனவரியில் 3 நட்சத்திரங்களைச் சேர்த்தது. கெவின் டுராண்ட், கைரி இர்விங், ஜேம்ஸ் ஹார்டன். "இனி கோப்பை இவர்களுக்கே" என்று பலர் சொன்னார்கள்.

ஒருவருக்குக் காயம். ஒருவர் கொரோனா தடுப்பு ஊசி போட மறுத்ததால், நகரச் சட்டப்படி சொந்த ஊரில் பல மாதம் ஆட முடியவில்லை. ஒருவர் வேறு ஊருக்குப் போக விரும்பினார். பருவ ஆட்டங்களில் மூவரும் சேர்ந்து ஆடியது வெறும் 16 ஆட்டங்கள்! 2022 பிப்ரவரியில் ஹார்டன் போனார். 2023 பிப்ரவரியில் மற்ற இருவரும் போனார்கள். கோப்பை வரவில்லை.

ஒக்லஹாமா காட்டிய வழி

அதே காலத்தில் ஒக்லஹாமா நகரின் "தண்டர்" கோஷ்டி வேறு வழியில் போனது.

2021-22 பருவத்தில் அவர்கள் 24 ஆட்டங்களில் வென்று, 58-ல் தோற்றார்கள். பயிற்சியாளர் மார்க் டைக்னால்ட்டை விரட்டவில்லை. இளைஞர்களைத் தேர்ந்து எடுத்து, பொறுமையாக வளர்த்தார்கள். அடுத்த ஆண்டு 40 வெற்றி. அதற்கு அடுத்த ஆண்டு 57 வெற்றி. 2024-25 பருவத்தில் 68 வெற்றி!

2025 ஜூன் 22-ந் தேதி, 7-வது ஆட்டத்தில் இண்டியானா கோஷ்டியை 103-91 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

அவர்களிடமும் ஒரு பெரிய நட்சத்திரம் உண்டு. ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்பது பேர். ஆட்டம் முடிந்ததும் டெலிவிஷன்காரர்கள் ஒருவரிடம் பேட்டி எடுப்பார்கள். ஆனால் இந்தக் கோஷ்டியில் பேட்டி கொடுப்பவர் தனியாக நிற்பது இல்லை. தோழர்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். புகழும் பங்கு போட்டுக் கொள்ளும் பொருள் என்பது அவர்கள் பழக்கம்.

இனிமேல்தான் சோதனை

2023-ம் ஆண்டு புதுச் சம்பள ஒப்பந்தம் வந்தது. சம்பளச் செலவு ஓர் அளவைத் தாண்டினால், அந்தக் கோஷ்டி ஆட்களை மாற்றிக் கொள்வதற்குப் பல தடைகள் உண்டு. காசை அள்ளி வீசி நட்சத்திரங்களைக் குவிப்பது இனி எளிது அல்ல.

இந்தச் சட்டம் ஒற்றுமையாக வளர்ந்த கோஷ்டியையும் விடாது. வெற்றி வந்தால் எல்லோருக்கும் சம்பளம் ஏறும். 2025 ஜூலையில் கில்ஜியஸ் அலெக்சாண்டருக்கு மட்டும் 4 ஆண்டுக்கு சுமார் 28 கோடியே 50 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் ஆனது. மற்ற இளைஞர்களுக்கும் பெரும் தொகை. இவ்வளவு கொடுத்த பிறகு, எல்லோரையும் ஒன்றாக வைத்துக் கொள்ள முடியுமா?

சிலர் குறைத்துக் கொள்ள வேண்டி வரலாம். சிலர் பிரிய வேண்டி வரலாம். தோற்கும்போது ஒற்றுமையாக இருப்பது ஒரு சோதனை. ஜெயித்த பிறகு, பங்கு பிரிக்கும்போது ஒற்றுமையாக இருப்பது அதைவிடப் பெரிய சோதனை.

ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு, "நான்தான் இழுத்தேன்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த ஆண்டு வடம் பிடிக்க ஆள் வருவார்களா?